கேட்காமல் எழுதிய பெயர்கள்

போன வாரம் பெய்த மழையில் என் அலுவலகத்தின் மேற்கு மூலை ஒழுகிவிட்டது. ஊருக்கெல்லாம் ஒழுகாத கூரை போட்டுக் கொடுக்கிறவளின் கூரை ஒழுகுவதைப் பார்க்க நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய். அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய வரைபடச் சுருள்களை எடுத்து மொட்டைமாடி வெயிலில் விரித்தேன். ஒன்றைப் பிரித்ததும் அந்த நெடி வந்தது. அம்மோனியா. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது தாளில் மிச்சம் இருக்குமா, என் மூக்குதான் இட்டுக்கட்டிக்கொண்டதா என்று தெரியவில்லை. கண் எரிந்தது. நெடியால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. எனக்கு இப்போதெல்லாம் சீக்கிரம் அசந்துபோகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கான்கிரீட் போடும் முன்பு குனிந்து கம்பி எண்ணிவிட்டு நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. (நம் தொழிலில் மட்டும்தான் கம்பி எண்ணுவது நல்ல காரியம் என்று நீ சொல்வாய்.) இந்த அசதியில் பாதி வயதால் வந்தது. மீதிப் பாதி வேறு இடத்திலிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. இப்போது பேசுகிறேன், கேட்க நீ இல்லாத நேரமாகப் பார்த்து. என் லட்சணம் அதுதான்.

தொண்ணூற்று மூன்றில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் பொறியாளர் சாரிடம், அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, ஒடுங்கிய மாடிப்படி ஏறினால் மூன்று வரைபலகை, ஒரு மின்விசிறி, சாருடைய கண்ணாடி மேசை. பாலிடெக்னிக்கில் சிவில் படித்த பெண்கள் என்று அந்தத் தெருவில் நம் இருவரைத்தான் காட்டுவார்கள். நான் சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பேருந்தில் வருவேன். நீ ராதாபுரத்துக்காரி, விடுதியில் தங்கியிருந்தாய். ஆற்றங்கரைக்காரி என்று என்னைக் கேலி செய்வாய். "ஒங்க ஊர்ல கொழாயத் தொறந்தா தண்ணி வரும், அதான் ஒனக்கு ஒண்ணும் தெரியல" என்பாய். பேருந்து ஏறி வந்த களைப்பில் நான் கூஜாத் தண்ணீரில் முகம் கழுவினால்கூட உனக்குப் பொறுக்காது. பாதிக் கூஜாவை வீணாக்கிவிட்டேன் என்று பஞ்சாயத்து வைப்பாய்.

அப்போதெல்லாம் வரைபடத்தை டிரேசிங் தாளில் மையால் வரைந்து, அதை மஞ்சள் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் காட்டி, அம்மோனியா ஊற்றிய பெட்டிக்குள் சுருட்டி வைக்க வேண்டும். ஊதா நிறத்தில் கோடுகள் எழும்பி வரும். பெட்டியைத் திறக்கிற வேலை யாருக்கு என்று தினமும் நமக்குள் சண்டை நடக்கும். மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு நீதான் பெரும்பாலும் திறப்பாய்.

அந்தத் தாளின் வலது கீழ் மூலையில் இரண்டு கட்டங்கள் இருக்கும். வரைந்தவர் என்று ஒரு சின்னக் கட்டம், அதில் நம் பெயரின் முதலெழுத்து மட்டும். அதற்குக் கீழே பெரிய கட்டம், உரிமம் பெற்ற பொறியாளர். அதில் சாருடைய கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் விழும். அந்த முத்திரை இல்லாவிட்டால் நாம் எத்தனை அழகாக வரைந்தாலும் அனுமதி கிடைக்காது, வீடு எழும்பாது. மூன்று வருடம் முடிந்தால் நாமும் உரிமத்துக்கு மனுப் போடலாம். சாரிடமிருந்து அனுபவச் சான்றிதழ் வாங்க வேண்டும், நேர்காணலுக்குப் போக வேண்டும். பெரிய கட்டத்துக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அந்த மூன்று வருடமும் நம் பேச்சு. உனக்கு ராதாபுரம் கடைத்தெருவில் உன் பெயரில் பலகை மாட்ட வேண்டும். எனக்கு அவ்வளவு பெரிய ஆசை ஒன்றும் இல்லை. எனக்குக் கெடு இருந்தது. அப்பா சொல்லியிருந்தார்: "தை பொறக்கதுக்குள்ள லைசென்ஸ் கையில வந்தா நீ வேலை பாரு, நான் தடுக்கல. வரலன்னா நான் பாத்த எடத்துல கழுத்த நீட்டணும், பேச்சு மாறக்கூடாது."

நீ அதைக் கேட்டுவிட்டு, "ஒங்கப்பா ரொம்ப நல்லவருட்டி. எங்கப்பா தைக்குக் கூடப் பொறுக்க மாட்டாரு" என்றாய். சிரித்தோம். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதில் எதற்கும் சிரிப்பு வந்தது.

சாருடைய அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த அலுவலகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. மனையைப் பார்க்கப் போகிறவர் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். நீளம், அகலம், எந்தத் திசை, மண் என்ன என்பதெல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். கடைசியில் அக்கம்பக்கம் என்று ஒரு பகுதி. பக்கத்து வீட்டார் மூன்று பேரிடம் விசாரித்து, அவர்கள் பெயரையும் சொன்னதையும் எழுத வேண்டும். மனைக்காரர் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. காரணம் கிணறு. தோட்டமாக இருந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற காலம் அது. ஆழ்துளைப் போர்வெல் போட்ட பிறகு தோட்டக் கிணற்றைக் குப்பையும் கல்லும் கொட்டி மூடிவிடுவார்கள். கிணற்றை மூடினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு பயம் இருப்பதால், மூடியவர் அதை வாய் திறந்து சொல்ல மாட்டார். அதன் மேல் தூண் நின்றால் இரண்டாவது மழைக்கு வீடு ஒரு பக்கமாக உட்காரும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கோ அந்தப் பயமும் இல்லை, ஒளிக்கிற தேவையும் இல்லை. கேட்டால் நேராகக் கொண்டுபோய்க் காட்டுவார்கள்.

நேர்காணலுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது அந்த மனைக்கு என்னை அனுப்பினார்கள். நகரை ஒட்டி, தோட்டத்தைப் பிரித்துப் போட்டிருந்த புதுத் தெரு. ஓய்வு பெற்ற ஒருவர், தோட்டமே அவருடையதுதான், தனக்கென்று வைத்துக்கொண்ட மனையில் வீடு கட்டப் போகிறார். வெயில் மண்டையைப் பிளந்தது. அளந்து முடித்தேன். அவர் மனைவி மோர் கொடுத்தார். குடித்துக்கொண்டே கேட்டேன், இங்கே கிணறு ஏதாவது இருந்ததா என்று. "கெணறா? இங்கனயா? அதெல்லாம் அந்தக் கோடியில இருந்துச்சும்மா" என்று அவர் எங்கோ கையை வீசினார். அவர் கை வீசிய திசைக்கு எதிர்த் திசையில், மனையின் வடகிழக்கில், அருகம்புல் மட்டும் வட்டமாகப் பச்சையாக நின்றது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

நான் படிக்க வேண்டியிருந்தது. மூன்றரை மணி பேருந்தை விட்டால் அடுத்தது ஐந்துக்குத்தான். தெருவில் நடந்து போகும்போது மூன்று வீட்டு வாசலில் இருந்த பெயர்ப் பலகைகளைப் பார்த்து அந்தப் பெயர்களைப் படிவத்தில் எழுதினேன். மூன்றுக்கும் நேரே 'கிணறு இல்லை என்றார்' என்று போட்டேன். பேருந்தில் உட்கார்ந்து எழுதியதால் கையெழுத்து ஆடியிருந்தது.

அந்த வரைபடத்தை வரைந்தது நீ. அனுமதி வந்து, ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரோடு நூல் பிடித்துக் குழிகளுக்கு இடம் குறிக்கப் போனதும் நீ. மாலையில் விடுதிக்குப் போகாமல் நேராக சேரன்மகாதேவிப் பேருந்தில் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாய். அம்மா காப்பி போட்டுக் கொடுத்ததைக் கூடக் குடிக்கவில்லை. என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாய்.

"ஏட்டி, அந்த மனையில அக்கம்பக்கம் கேட்டியா?"

"கேட்டேனே. மூணு பேரு எழுதிருக்கம்லா."

"ரெண்டாவதா ஒருத்தர் பேரு எழுதிருக்கியே, அவருட்ட எப்பம் கேட்ட?"

"அன்னைக்குத்தான்."

"அவரு எட்டு மாசமா மவன் வீட்ல பம்பாய்ல இருக்காரு. வீடு பூட்டிக் கெடக்கு. பூட்டுட்ட கேட்டியாட்டி?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பயத்தில் வருகிற சிரிப்பு. நீ சிரிக்கவில்லை. எதிர்வீட்டுப் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "எக்கா, அங்கன தூண் போடாதிய, அது கெணத்துக் குழி" என்று சொன்னதைச் சொன்னாய். அருகம்புல்லைக் காலால் மிதித்தால் மெத்தென்று இருந்ததைச் சொன்னாய். கொத்தனார் செவ்வாய்க்கிழமை காலை கான்கிரீட் போட ஆள் சொல்லிவிட்டதையும் சொன்னாய்.

"நாளைக்கு சார் மெட்ராஸ்ல இருந்து வந்ததும் நீயே சொல்லிரு. கேக்காம எழுதிட்டேன், தப்புன்னு சொல்லு. திட்டுவாரு, திட்டட்டும்" என்றாய்.

"புதன்கிழமை இன்டர்வியூட்டி. இன்னும் சர்டிபிகேட் கையெழுத்தாகல. புதன் முடியட்டும், சொல்லுதேன்."

"செவ்வாக்கிழமை கான்கிரீட்டு. புதன்கிழமை சொல்லி என்ன செய்ய?"

நான் கொடியில் காய்ந்த துணிகளை உருவ ஆரம்பித்தேன். நீ கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு அப்படியே பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டாய். அம்மா, "என்ன, அந்தப் பிள்ள காப்பிகூடக் குடிக்காம போயிட்டா" என்றாள்.

திங்கட்கிழமை காலை நீ மனைக்காரரிடமே போய் நின்றாய். சார் வர மாலையாகும், அதுவரை காத்திருந்தால் கொத்தனார் வேலையை ஆரம்பித்துவிடுவார் என்ற கவலை உனக்கு. மனைக்காரர் கொதித்துவிட்டார். மூடிய கிணற்றைத் தெரு முழுக்கக் கேட்கும்படி பேசியதுதான் அவருக்குப் பெரிய குற்றம். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மாலையில் சார் வந்த கால்மணி நேரத்துக்கெல்லாம் மாடிப்படி ஏறி வந்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு சார் அந்தப் படிவத்தை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். முதலில் உன்னைப் பார்த்துச் சொன்னார்: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பார்ட்டி வீட்டுக்கு எப்படிப் போவ?" நீ, "நேரம் இல்ல சார்" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ போனப்பம் இந்த மூணு பேருட்டயும் கேட்டியாம்மா?"

மேசையில் என் சான்றிதழும் உன் சான்றிதழும் தட்டச்சு செய்து, கையெழுத்துக்காகப் அருகருகே இருந்தன. எனக்கு இப்போதும் அந்த இரண்டு தாள்தான் கண்ணில் நிற்கிறது.

"கேட்டேன் சார். கெணறு இல்லன்னாங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது. நீ என்னைப் பார்க்கவில்லை. உன் வரைபலகையில் பாதியில் விட்டிருந்த ஒரு படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பூட்டிக் கிடந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே நான் பிடிபட்டிருப்பேன். நீ சொல்லவில்லை. எனக்காகப் பொறுத்துக்கொண்டாய் என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. நானே சொல்கிறேனா என்று நீ காத்திருந்தாய் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

சார் என் தாளில் கையெழுத்துப் போட்டார். உன் தாளை இழுப்பறைக்குள் வைத்தார். "நீ இன்னும் கொஞ்ச நாள் இரு, பாப்போம்" என்றார். நீ கொஞ்ச நாள் இருக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ராதாபுரம் போய்விட்டாய்.

புதன்கிழமை நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். செங்கல்லின் நீர் உறிஞ்சும் அளவு, படிக்கட்டின் உயரம் என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள், கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்கள். புது மனையைப் பார்க்கப் போனால் முதலில் என்ன செய்வீர்கள்? "அக்கம்பக்கத்தில் மூன்று பேரிடம் விசாரிப்பேன் சார், பழைய கிணறு இருந்ததா என்று" என்றேன். நடுவில் இருந்தவர், "சபாஷ், இது புத்தகத்தில் கிடையாது" என்றார். அந்த சபாஷை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு உரிமம் கிடைத்த கதை இதுதான். தை பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே வந்துவிட்டது. அப்பா லாலா கடையில் அல்வா வாங்கிக்கொண்டு வந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தார். உனக்கு யாரும் கொடுத்தனுப்பவில்லை.

அந்த வீடு இன்றும் நிற்கிறது. வேறு ஆளை வைத்துக் கட்டினாலும் கொத்தனார் அதே ஆள்தான். நீ சொன்னதைக் கேட்டு வடகிழக்குத் தூணை ஐந்தடி தள்ளிப் போட்டுவிட்டார். நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. சுற்றிக்கொண்டு போவேன்.

நான் தனியாகப் பலகை மாட்டினேன். கல்யாணம் ஆனது, என் வேலைக்கு மறுப்புச் சொல்லாத மனிதர். முத்திரையை முதன்முதலில் பதிக்கும் முன் அந்தத் தாளை மூன்று தடவை சரிபார்த்தேன். பிறகு பழகிவிட்டது. எல்லாமே பழகிவிடும் என்பதுதான் இந்தத் தொழிலில் ஆபத்து. நீ ராதாபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் பின்னறையில் உட்கார்ந்து வீட்டு வரைபடம் போடுகிறாய் என்றும், வள்ளியூரிலிருந்து யாரோ ஒருவர் வந்து அவற்றில் முத்திரை குத்திவிட்டுப் போகிறார் என்றும் கேள்விப்பட்டேன். உன் கோடுகளுக்கு மேல் யாரோ ஒருவருடைய பெயர். கேட்டதோடு சரி, ஒன்றும் செய்யவில்லை. இரண்டரை வருடம் இப்படியே போனது.

அப்புறம் ஒரு நாள் எனக்கே ஒரு யோசனை வந்தது. நானே உரிமக்காரிதானே, அனுபவச் சான்றிதழை நானே கொடுத்தால் என்ன? என் பெயர் அச்சிட்ட தாளில், நீ என் மேற்பார்வையில் மூன்று வருடம் வேலை பார்த்தாய் என்று தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ராதாபுரம் வந்தேன். பேருந்தில் வரும்போது மனசு லேசாக இருந்தது. பெரிய உபகாரம் செய்யப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தேன். நாங்குனேரி தாண்டியதும் பனைகள் வந்தன, காற்று முகத்தில் மண்ணை அடித்தது. அதுகூட அன்று நன்றாக இருந்தது.

நீ அப்போது பிள்ளையாண்டிருந்தாய். ஆறு மாதம். கடையின் பின்னறையில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே உன் பலகை. என்னைப் பார்த்ததும், "வாட்டி, எங்க இந்தப் பக்கம்? தண்ணி குடிக்கியா? பைய குடி, எங்க ஊர்த் தண்ணி உப்பு" என்றாய். நான் உறையைக் கொடுத்தேன். நீ பிரித்துப் படித்தாய். ஒரு தடவை படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தாய்.

"நான் எப்பம்டி ஒன் மேற்பார்வையில வேலை பாத்தேன்?"

"அதெல்லாம் ஒரு பேச்சுக்கு. யாரு வந்து பாக்கப் போறா? நீ மனுப் போடு, ரெண்டு மாசத்துல வந்துரும்."

நீ தாளை மடித்து உறைக்குள் வைத்து என் மடியில் வைத்தாய்.

"மறுபடியும் கேக்காமலே எழுதிட்டு வந்திருக்க. அன்னைக்கு மூணு பேரு. இன்னைக்கு நான் ஒருத்தி."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் அழுதேன். நீ ஆணிப் பெட்டியின் மூடியால் எனக்கு விசிறிக்கொண்டே இருந்தாய், ஆனால் பேச்சை மட்டும் விடவில்லை.

"எனக்கு ஒண்ணு செய்யணும்னா சார்ட்ட போ. எனக்கு அவரு குடுக்க வேண்டிய சர்டிபிகேட்டு அந்த டிராயருக்குள்ள கெடக்கு. நீ அன்னைக்குச் சொன்ன அந்த ஒத்த வரிய மாத்திச் சொல்லு. அவரு குடுத்தாக் குடுக்கட்டும், குடுக்காட்டாப் போகட்டும்."

"சொல்லுதேன்" என்றேன்.

"எப்பம்?" என்று கேட்டாய். நான் அடுத்த வாரம் என்றேன்.

அடுத்த வாரம் அடுத்த மாதமானது. உனக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது, தொட்டில் துணியும் கொலுசும் வாங்கி அனுப்பினேன், நான் வரவில்லை. சாரிடம் போய்ச் சொன்னால் அவர் ஊரெல்லாம் சொல்லிவிடுவாரோ, என் உரிமத்துக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். ஒவ்வொரு நாளும் அந்த மாடிப்படி வரைக்கும் போய்விட்டுத் திரும்புவேன். எட்டு மாதம் கழித்து, எந்தத் தைரியத்தில் என்று தெரியவில்லை, ஏறிவிட்டேன்.

சார் மெலிந்திருந்தார். அந்தப் பலகைகளில் வேறு பிள்ளைகள் குனிந்திருந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன், அன்றைக்கு நான் ஒருவரிடமும் கேட்கவில்லை, பெயர்களைப் பலகையில் பார்த்து எழுதினேன் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த பம்பாய்க்காரன் என்கூடப் படிச்சவன்தாம்மா. ஸ்டேஷன்ல ஏத்திவிட்டதே நான்தான். ஒன் பேப்பரைப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"பின்ன ஏன் சார் அவளுக்குக் குடுக்கல?"

"அவ எனக்குப் பிடிக்காததச் செஞ்சா. நீ எனக்குப் பிடிச்சதச் சொன்ன" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அது நான் செஞ்ச தப்பு. ஒன் தப்பு வேற" என்றார். இழுப்பறையைத் திறந்தார். பழைய தாள் மஞ்சளடித்துப் போயிருந்தது. புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் மூன்று வருடத்துக்கும் மேலாக ஏறப் பயந்த படி, பத்து நிமிட வேலை. கீழே இறங்கி ஜவுளிக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத் தொடங்கிய அசதி இது, இன்னும் விடவில்லை.

தாளைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், நேரில் கொண்டுவர முகம் இல்லை. சில மாதம் கழித்து உன்னிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. நலம், நலமறிய ஆவல் எதுவும் இல்லை. உன் உரிம எண் மட்டும், வரைபடத்தில் எழுதுகிற அந்த நேரான எழுத்தில். நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் சிரித்துப் பேசினாய். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து என் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்துச் சாப்பிட்டாய். அந்தக் காரியத்தை மட்டும் நாம் இருவரும் சுற்றிக்கொண்டே போனோம்.

போன வருடம் திடீரென்று போன் செய்தாய். குரல் கம்மியிருந்தது. "என் மக பி.இ. முடிச்சிட்டா. ஒங்கிட்ட அனுப்புதேன், வேலைக்கு வச்சுக்க" என்றாய். பாளையிலும் நாகர்கோவிலிலும் பெரிய பெரிய அலுவலகங்கள் இருக்க என்னிடம் ஏன் என்று கேட்டேன். "நீ இப்பம் கேக்காம எழுத மாட்ட" என்றாய். உனக்கு உடம்பு சரியில்லை என்பதை அப்போது நீ சொல்லவே இல்லை.

உன் மகள் கெட்டிக்காரி. கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்தில் போடுகிற வரைபடத்தை நாம் மூன்று நாள் போட்டிருப்போம். நேற்று என் முன்னால் வந்து நின்றாள். உரிமத்துக்கு மனுப் போட வேண்டுமாம், பி.இ. படித்தவர்களுக்கு இரண்டு வருட அனுபவம் வேண்டும். என்னிடம் வந்து அவளுக்குப் பதினொரு மாதம்தான் ஆகிறது.

"ரெண்டு வருசம்னு போட்டுக் குடுங்க சித்தி. அப்பா அங்க தனியா இருக்காரு. லைசென்ஸ் வந்தா நான் ராதாபுரத்துலயே அம்மா போர்டுக்குக் கீழ என் போர்ட மாட்டிருவேன். எல்லாரும் இப்படித்தான வாங்குதாங்க."

பதினொரு மாதம் என்று தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைப் படித்தாள். உன்னைப் போலவே இரண்டு தடவை.

"எங்கம்மா உசுரோட இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. தாளை மேசையிலேயே போட்டுவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள். போன் செய்தால் எடுக்கவில்லை; ராதாபுரத்துக்கே வந்துவிட்டாள் என்று அவள் அப்பா சொன்னார்.

அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமானால் நான் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு நான் அம்மாவின் உயிர்த் தோழி, பாளையில் முதலில் பலகை மாட்டிய பெண். அவள் அம்மாவின் பலகை ஏன் அத்தனை வருடம் தாமதமாக மாட்டப்பட்டது என்று நீ அவளிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. என்னைக் காட்டிக் கொடுக்காமல் இரண்டாம் தடவையும் எனக்கு இடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் பேருந்தில் ராதாபுரம் போகிறேன். இடுப்பு வலிக்கிறது, அடுத்த வாரம் போகலாமே என்று இப்போதே உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உன் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், பெயர்களோடு, நாளோடு. கேட்டுவிட்டு அவள் என்னிடம் திரும்பி வராமல் போகலாம். வந்தால் இன்னும் பதின்மூன்று மாதம் பாக்கி இருக்கிறது.